மிஷினுக்கு எந்த எண்ணெய்

எங்கள் அடுக்ககத்து வாட்ஸாப் குழுவில் போன வாரம் மூன்றாவது மாடிக்காரர் ஒரு கேள்வி போட்டிருந்தார். ராயப்பேட்டையில் அவருடைய அத்தை வீட்டைக் காலி செய்தபோது ஒரு பழைய தையல் மிஷின் கிடைத்ததாம். கறுப்பு உடம்பு, தங்கப் பூ, இரும்பு மிதி. படமும் போட்டிருந்தார். 'சக்கரம் சுற்ற மாட்டேன் என்கிறது, என்ன எண்ணெய் போடலாம்?' அவ்வளவுதான் கேள்வி. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று கேட்டால் ஒரு ஆளும் வாய் திறக்காத குழு அது. பெருங்குடியில் கோடைக்காலத்தில் அதைவிட முக்கியமான கேள்வி எது, நீங்களே சொல்லுங்கள். ஆனால் எண்ணெய் என்றதும் இருபது பேர் கிளம்பிவிட்டார்கள்.

ஒருவர் தேங்காய் எண்ணெய் என்றார், அதுவும் செக்கில் ஆட்டியது. ஒருவர் கார் என்ஜின் எண்ணெயில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, கொடுத்தனுப்புகிறேன் என்றார். இன்னொருவர் துருவுக்கு அடிக்கிற ஸ்பிரே. ஒரு அம்மாள் நல்லெண்ணெய் போட்டால் வீட்டுக்கே நல்லது என்று எழுதி மூன்று விளக்குப் படம் போட்டிருந்தார். எனக்கு வந்ததே கோபம்! அடுப்பில் இருந்த ரசம் பொங்கி வழிவதைக்கூடப் பார்க்காமல் போனை எடுத்துத் தட்டத் தொடங்கினேன். என் கணவர் எட்டிப் பார்த்து, "யாருக்கு இவ்ளோ பெரிய லெட்டர்?" என்றார். நான் தலை நிமிராமல் தட்டிக்கொண்டே இருந்தேன்.

தட்டியது இதுதான். தேங்காய் எண்ணெய் நல்ல எண்ணெய்தான், தலைக்கு. மிஷினுக்குள் போனால் முதல் ஒரு வாரம் நன்றாக ஓடுகிற மாதிரி இருக்கும். பிறகு நூல் தூசியோடு சேர்ந்து பிசினாகும், அப்புறம் பழுப்பாக இறுகும். ஸ்பிரே துருவை இளக்கும், ஆனால் நாலு நாளில் காற்றோடு போய்விடும். பிறகு இரும்பும் இரும்பும் வெறுமனே உரசிக்கொண்டு கிடக்கும். என்ஜின் எண்ணெய் கனம், போதாக்குறைக்குத் தைக்கிற துணி நாசம். நிறமும் இல்லாமல் வாசனையும் இல்லாமல் தண்ணீர் மாதிரி இருக்குமே, தையல் மிஷினுக்கென்றே விற்கிற வெள்ளை எண்ணெய், அதுதான். அதிலும் ஒரு துளைக்கு ஒரு சொட்டுதான். தோல் வாரிலும் நூலை இறுக்குகிற தட்டிலும் ஒரு பொட்டுகூடப் படக்கூடாது.

இவ்வளவும் அடித்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். பள்ளிக்கூட டீச்சர் திட்டுவது போல இருந்தது. அழித்துவிட்டு, 'தேங்காய் எண்ணெய் மட்டும் போடாதீர்கள்' என்று ஒரே வரி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: 'ஏன் ஆண்ட்டி?'

ஏன் என்றால், நான் என் பதினெட்டு வயதிலிருந்து தொடங்க வேண்டும். குழுவில் அதற்கெல்லாம் இடமில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் இருந்தோம். ஐந்து குடித்தனங்களுக்கு ஒரு குழாய் இருக்கிற வீடு. எங்களுக்கு ஒரே அறை, அதன் மூலையில் சமையல். அப்பா லாரி ஓட்டினவர். நான் ஒன்பதாவது படிக்கும்போது இறந்துபோனார். பிறகு நானும் அம்மாவும் மட்டும். அம்மா ரவிக்கை தைத்துத்தான் குடும்பம் நடந்தது. சாந்தோமில் யாரோ ஒரு சட்டைக்காரம்மா, அதாவது ஆங்கிலோ இந்தியப் பெண்மணி, ஊரைவிட்டுப் போகும்போது அப்பா வாங்கிப் போட்ட சீமை மிஷின் அது. அதன் இழுப்பறையில் நூல்கண்டு, உடைந்த ஊசி, கொக்கி எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சின்ன ஆங்கிலப் புத்தகம் கிடந்தது. எங்கெங்கே எண்ணெய் விட வேண்டும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டின புத்தகம்.

மிஷின் இருந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அறையில் ஒரே ஜன்னல். அதன் கீழே வெளிச்சத்துக்காக மிஷின். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் தொடும் தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர். அதில் பூச்சு உதிர்ந்து இலங்கை மாதிரி ஒரு வடிவம் இருந்தது. இடப்பக்கம் பீரோ, வலப்பக்கம் சுவர், முதுகுக்குப் பின்னால் கட்டில். மிஷினில் உட்கார வேண்டுமென்றால் முதலில் நான் உள்ளே போக வேண்டும், பிறகு அம்மா கட்டிலைத் தள்ளி மூட வேண்டும். ஒன்றுக்குப் போக வேண்டுமென்றாலும் "அம்மா, கட்டில இழு" என்று குரல் கொடுக்க வேண்டும். சிரிக்காதீர்கள். அம்மா குழாயடியில் இருந்தால் அடக்கிக்கொண்டு ரெண்டு கை தைத்து முடித்திருக்கிறேன்.

அம்மாவுக்குக் கண் மங்கத் தொடங்கினது நான் பிளஸ் டூ எழுதின வருஷம். ஊசிக் காதும் தெரியவில்லை, கறுப்புத் துணியில் கறுப்பு நூலும் தெரியவில்லை. "தீவாளி வரைக்கும் நீ தெச்சிக் குட்றீ. அப்பால நீ இன்னா வேல பாக்கணுமோ பாரு" என்றாள். நான் டைப்ரைட்டிங் லோயர் முடித்திருந்தேன், ஹையருக்குப் போய்க்கொண்டிருந்தேன். தீபாவளிதானே, மூன்று மாசம் என்று உட்கார்ந்தேன். தீபாவளி முடிந்ததும் மார்கழிக் கச்சேரிக்கு வேண்டும் என்று மாமிகள் வந்தார்கள். அது முடிந்தால் பொங்கல், பிறகு தை முகூர்த்தம். மாசியில் மூச்சு விடலாம் என்றால் பங்குனி வந்தது, அப்புறம் பள்ளிக்கூடம் திறக்கிறது என்று யூனிஃபார்ம். ஒரு வருஷத்தில் இடைவெளியே கிடையாது என்பது தையல்காரிக்குத்தான் தெரியும். நான் அப்படி வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் அம்மாவுக்கு 'முடியாது' என்று சொல்ல வராது என்பதுதான். சத்தியமாக வராது. அடுத்த தெருவில் வீணை சொல்லிக்கொடுக்கிற மாமி ஒருத்தர் இருந்தார். பட்டுத் துணியை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார். "நாளைக்கு சாயங்காலம் கச்சேரிடி. இதைப் போட்டுண்டு போனாத்தான் நன்னா இருக்கும். ஆத்துல எல்லாரும் பாத்துண்டிருப்பா. எப்படியாவது முடிச்சுக் குடு" என்பார். உள்ளே ஏற்கெனவே பதினெட்டு ரவிக்கை வெட்டிக் கிடக்கும். அம்மா ஒரு நொடிகூட யோசிக்க மாட்டாள். "சரி மாமி, வந்து வாங்கிக்குங்க" என்று வாங்கி வைத்துவிடுவாள். நான் உள்ளிருந்து பல்லைக் கடிப்பேன். எழுந்துபோய்ச் சண்டை போடலாம் என்றால் கட்டில் மூடியிருக்கும்.

ஆனால் அம்மாவுக்கு அந்த வாசல் பிடிக்கும். அதையும் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வருவார்கள். அளவு கொடுக்க வருகிறவள் மருமகளைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போவாள், தையல் பிரிக்க வருகிறவள் மாமியாரைப் பற்றி. அம்மா வாசற்படியில் கொக்கி தைத்துக்கொண்டே எல்லாருக்கும் 'உம்' கொட்டுவாள். மயிலாப்பூர் பாதிக் கதை எங்கள் வாசற்படியில் கிடந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு அதையெல்லாம் கேட்டுத்தான் நான் உலகம் கற்றேன்.

எண்ணெய்க்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை தலை குளித்துவிட்டு அம்மா தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுப்பாள். முதலில் தன் தலைக்கு, அப்புறம் என் தலைக்கு, மிச்சம் விரலில் ஒட்டினதை மிஷின் சக்கரத்துக்கு. குங்குமமும் வைப்பாள். "அதுவும் நம்ம கூடவே கஸ்டப்படுது இல்ல? அதுக்கும் கொஞ்சம் வெச்சா இன்னா?" என்பாள். வெறும் ஒரு விரல் தடவல்தான், பெரிய கெடுதல் இல்லை. ஆனால் எனக்குப் பொறுக்காது. நான்தான் அந்த ஆங்கிலப் புத்தகத்தை வரிவரியாக மனப்பாடம் செய்தவள் ஆயிற்றே. அம்மா அந்தப் பக்கம் போனதும் கிருஷ்ணாயிலில், அதாவது மண்ணெண்ணெயில், துணியை நனைத்துத் துடைத்துவிட்டு, தி.நகரில் லைனிங் வாங்கப் போகும்போது வாங்கி வைத்த வெள்ளை எண்ணெயை ஒரு சொட்டு விடுவேன்.

கர்வம்தான், வேறென்ன. டைப்ரைட்டிங் போக முடியவில்லை, காலேஜ் போக முடியவில்லை. கண் எதிரே இருந்தது இந்த ஒரு மிஷின், அதையாவது சரியாக வைத்துக்கொள்கிறேன் என்று ஒரு வீம்பு. சனிக்கிழமை சாயங்காலம் மிஷினைச் சாய்த்து அடிப்பக்கம் பார்ப்பேன். துணியை நகர்த்துகிற பல்லுக்கு இடையில் சேர்ந்த பஞ்சைக் கொண்டை ஊசியால் எடுப்பேன். அடிநூல் ஓடுகிற ஷட்டிலைக் கழற்றித் துடைப்பேன். எண்ணெய் விட்டபின் கிழிந்த பாவாடைத் துணியை வைத்து நூல் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓட்டுவேன். மிச்ச எண்ணெய் அதில் இறங்கிவிட வேண்டும், பட்டில் இறங்கக்கூடாது. வருகிறவர்கள் எல்லாம், "மிஷின் ஓடுற சத்தமே கேக்கலியே" என்பார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். அரைக் கிறுக்கு மாதிரி வாடிக்கைக்காரிகளுக்கெல்லாம் எண்ணெய்ப் பாடம் எடுத்திருக்கிறேன். என்னை உள்ளே வைத்து அடைத்ததற்கு நானே எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன் என்று அப்போது தோன்றவில்லை.

நாலாவது வருஷம் மார்கழியில் ஒரு வேலை வந்தது. கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்து ஆபீசில் டைப்பிஸ்ட். வரச் சொல்லிக் கடிதமே வந்துவிட்டது, வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும். கடிதத்தை நாலு தடவை படித்தேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "போடி, போ. நல்லா கீது" என்றாள். சொல்லிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். நானும் பார்த்தேன். பொங்கலுக்கு என்று வாங்கி வைத்த துணிகள் பொட்டலம் பொட்டலமாகக் கிடந்தன. யார் தைப்பது? அம்மாவால் முடியாது. திருப்பிக் கொடுத்துவிடு என்று நான் சொல்லவில்லை. கொடுத்துவிடுகிறேன் என்று அவளும் சொல்லவில்லை. ரெண்டு பேரும் சாப்பிட்டுப் படுத்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமை காலையில் மிஷினில் உட்கார்ந்தேன். சக்கரம் அசையவில்லை. மூடியைத் திறந்தால் தேங்காய் எண்ணெய் வாசனை குப்பென்று அடித்தது. எல்லாத் துளையிலும் எண்ணெய், ஊசிக் கம்பியில் எண்ணெய், அடியில் பல்சக்கரத்தில் எண்ணெய். மார்கழிக் குளிரில் எல்லாம் வெள்ளையாக உறைந்து போயிருந்தது. உள்ளே பழைய பிசின் வேறு. "இன்னாம்மா பண்ணி வெச்சிக்கீற!" என்று கத்தினேன். அம்மா சமையல் மூலையில் திரும்பாமல் நின்றாள். "சத்தம் வந்திச்சி. அதான் கொஞ்சம் ஊத்தனேன்" என்றாள். சத்தமா? என் மிஷினிலா? எனக்கு அதுதான் பெரிய அவமானமாக இருந்தது.

அந்த மூன்று நாள் நான் செய்த வேலையை நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. மிஷின் தலையைக் கழற்றி, அடுத்த குடித்தனத்து அண்ணனைப் பிடிக்கச் சொல்லி, குழாயடிக்குப் பக்கத்தில் வெயிலில் வைத்தேன். வெயிலில் எண்ணெய் உருகி வழிந்தது. துளைத் துளையாகக் கிருஷ்ணாயில் விட்டு, சக்கரத்தை அங்குலம் அங்குலமாக முன்னும் பின்னும் அசைத்தேன். பழுப்புத் தண்ணீராக இறங்கியது. மறுபடி கிருஷ்ணாயில், மறுபடி அசைப்பு. கிருஷ்ணாயில் எண்ணெய் இல்லை, அழுக்கைக் கழுவுகிற தண்ணீர் மாதிரி. அதை உள்ளே விட்டுவைத்தால் இரும்பு வறண்டுவிடும். ஆகவே முழுக்கத் துடைத்து, காயவிட்டு, பிறகு வெள்ளை எண்ணெய். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு விரலால் சக்கரத்தைத் தள்ளினேன். தானாக மூன்று சுற்றுச் சுற்றி நின்றது.

"ஓடுதும்மா! முன்னவிட நல்லா ஓடுது!" என்று கத்தினேன்.

அம்மா வாசற்படியில் இருந்தாள். திரும்பிப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். முகம் அப்படியே தொங்கிப்போயிற்று. "ஓடுதா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "சரி" என்றாள். கிழவிக்கு அசதி என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயதுகூட இல்லை.

ஓடுகிற மிஷினை வைத்துக்கொண்டு எப்படிப் போவது? மூன்று நாள் வேலை வேறு நின்றுவிட்டது. வீணை மாமி ரெண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை உட்கார்ந்தேன், செவ்வாயும் உட்கார்ந்தேன். ரெண்டு நாள் தாமதம் ஒன்றும் குடி முழுகிப்போகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புதன்கிழமை தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு கோபாலபுரம் போனேன். அமைதியான தெரு, பெரிய வீடுகள், நடுவில் அந்தப் பள்ளிக்கூடம். ஆபீசில் ஒரு பெண் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். என் நாற்காலி அது. "மண்டே வரணும்னுதானே லெட்டர் போட்டோம்?" என்றார் அங்கிருந்த அம்மா. குரலில் கோபம்கூட இல்லை. நான் நடந்தே வீட்டுக்கு வந்தேன். அம்மா கட்டிலை இழுத்தாள், நான் உள்ளே போனேன், அவள் மூடினாள். அன்று ஆறு ரவிக்கை முடித்தேன்.

அப்புறம் இரண்டு வருஷம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்பதுதான் அதில் கஷ்டம். அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூச்சு இன்னும் உதிர்ந்து இலங்கைக்குப் பக்கத்தில் இன்னொரு தீவு வந்தது. என்னோடு டைப்ரைட்டிங் படித்தவள் ஒருத்தி கைக்குழந்தையோடு அளவு கொடுக்க வந்தாள். "இன்னும் இங்கியே கீறியாடி?" என்றாள். அவள் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. அவள் ரவிக்கையில் அக்குளை ஒரு விரல் இறுக்கித் தைத்துவிட்டேன். வேண்டுமென்றேதான்.

மறுபடி வேலை வந்தது ஆவணியில். அடையாறில் ஒரு கம்பெனி. இப்போது டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்திருந்தது. சொல்லிக்கொடுத்து வேலை தருகிறோம், ஒன்றாம் தேதி சேர வேண்டும் என்றார்கள். கட்டிலுக்கு அடியில் அதே பொட்டலங்கள், இந்தத் தடவை தீபாவளிக்கு. அம்மா அதே மாதிரி, "போடி" என்றாள். நான் சிரித்தேன். நம்பினால்தானே!

அந்த வாரம் வீட்டுக்காரர் ஐந்து குடித்தனத்துக் கதவுகளையும் தச்சரை விட்டு மெருகேற்றினார். வீடு முழுக்க ஒரே எண்ணெய் வாடை. தலை வலித்தது. அதனால்தான் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒரு காலையில் மிதியை அழுத்தினேன், மிதி கல்லாக நின்றது. சக்கரத்தை ரெண்டு கையாலும் திருகினேன். அசையவில்லை. மூடியைத் திறந்தால் உள்ளே எல்லாம் மஞ்சளாக, பளபளவென்று, தோல் போர்த்தின மாதிரி. கிருஷ்ணாயில் விட்டேன். மேலே ஓடி வழிந்துவிட்டது, உள்ளே இறங்கவே இல்லை. வெயிலில் வைத்தேன். இன்னும் இறுகியது.

லஸ் முனையில் ஒரு மெக்கானிக் இருந்தான். கூப்பிட்டால் வந்து அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிச் சுரண்டி ரெண்டு நாளில் ஓடவைத்துவிடுவான். அது எனக்கு நன்றாகத் தெரியும். துணியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். கூப்பிடப் போகிறேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். நான் எழுந்திருக்கவில்லை. கை கழுவிக்கொண்டு வந்து, "இனிமே இது ஓடாதும்மா" என்றேன். பொய்தான். பெற்றவள் சோற்றில் மண்ணைப் போடுகிறோமே என்றுகூட நினைத்தேன். ஆனாலும் சொல்லிவிட்டேன். அம்மா மெக்கானிக்கைக் கூப்பிடு என்று சொல்லவில்லை. "அப்டியா" என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலத்திலிருந்து நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அம்மா பொட்டலங்களை எடுத்து வாசற்படியில் அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே பேச்சு: "மிஷினு பூட்டிக்கிச்சிம்மா. ஒண்ணும் பண்ண முடியாதுன்ட்டாங்க." வீணை மாமி, "என்னடி இது, தீபாவளிக்கு நான் எங்க போவேன்? மெக்கானிக்கைக் கூட்டிண்டு வாயேன்" என்றார். அம்மா உதட்டைப் பிதுக்கினாள். "உயிரு பூட்ச்சி மாமி அதுக்கு." முகத்தில் எழவு வீட்டுச் சோகம். குரலில் மட்டும் ஒரு தெம்பு. முடியாது என்று சொல்லத் தெரியாதவளுக்குப் பதிலாக மிஷின் முடியாது என்று சொல்லிவிட்டது. ரெண்டு நாளில் கட்டிலுக்கு அடியில் வெறும் தரை தெரிந்தது. ஒன்றாம் தேதி நான் அடையாறு பஸ் ஏறினேன். பாலத்தின் மேல் போகும்போது காற்று அப்படி அடித்தது. ஜன்னலுக்கு வெளியே தூரம் இருந்தது, அதைப் பார்த்து அழுதேன். கண்டக்டர் பயந்துபோய் டிக்கெட் கேட்காமல் அந்தப் பக்கம் போய்விட்டார்.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு நாள் ஆபீசில் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுபோய் மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சந்துக்குள் வந்தபோது எங்கள் வாசற்படி காலியாக இருந்தது. ரவிக்கை இல்லையென்றால் யார் வரப்போகிறார்கள்? உள்ளே அம்மா மிஷினில் உட்கார்ந்திருந்தாள். கால் ரெண்டும் மிதி மேல். கை ரெண்டும் பலகை மேல். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா பண்ணிக்கினுக்கீற?"

"சும்மாதான். பொழுது போவல. கால் தானா இங்க வந்துடுது."

என்னைக் குற்றவுணர்வு பிடுங்கித் தின்றது. ஐந்தாறு மாதமாக மறைத்து வைத்ததை எல்லாம் அன்று கொட்டிவிட்டேன். "நான் பொய் சொன்னேம்மா. மெக்கானிக் வந்தா இது ஓடும். நாளைக்கே இட்டுக்கினு வரேன். நீ பாவாட மாதிரி நேர்த் தையல் எதாச்சும் மெதுவா தெச்சிக்கினு இரு. நாலு பேர் வந்து போவாங்க இல்ல?"

"வாணாம்" என்றாள்.

"ஏம்மா?"

"ஓடினா நீ வந்து ஒக்காந்துடுவ."

எனக்குப் புரியவில்லை. அவள் திரும்பாமலே சொன்னாள். "மொத வாட்டி தேங்காண்ண ஊத்தனேன். நீ மூணு நாளு குந்திக்கினு தொடச்சி எட்த்துட்ட. ஓடுதும்மா, ஓடுதும்மான்னு கூவற. எனக்கு வயிறே எரிஞ்சிபோச்சி. ரெண்டாவது வாட்டி அந்த ஆசாரியக் கேட்டேன், எந்த எண்ண காஞ்சா கல்லாட்டம் எறுகும்னு. கதவுக்குப் பூசுறான் பாரு, அத்தக் குட்த்தான். ஒரு டம்ளர் ஊத்தனேன்."

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமில்ல? தெச்சது போதும், போன்னு?"

"சொன்னேனே. போடி போன்னு சொன்னேனே. நீ போவல. வர்றவங்ககிட்ட இல்லன்னு சொல்றதுக்கும் எனக்கு வாய் வரல. வேற இன்னா பண்ணுவேன்?"

சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் ஓவென்று அழுதேன். என்னைவிடப் பெரிய முட்டாள் உண்டா, சொல்லுங்கள். எண்ணெய் எதுவென்று எனக்குத் தெரியும் என்று ஊருக்கே பாடம் எடுத்தவள் நான். அவள் எதற்காக ஊற்றினாள் என்று மட்டும் தெரியவில்லை.

நான் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன், மெக்கானிக்கை அவள் வாசலில் விடவில்லை. அதற்குப் பிறகு அம்மா ஏழு வருஷம் இருந்தாள். எனக்குக் கல்யாணம் ஆயிற்று, அடையாறிலேயே ஜாகை. வந்து இரு என்று கூப்பிட்டால், "மெத்த வீட்ல எனக்கு இன்னா வேல" என்பாள். அவள் போனபின் வீட்டுக்காரர் இடத்தைக் கட்டடக்காரர்களிடம் கொடுத்துவிட்டார். பழைய சாமான்காரர் வந்து மிஷின் சக்கரத்தை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது இரும்புக்குத்தான் போவும்க்கா" என்றார். சரி என்றேன். ஐந்து குடித்தனமும் குழாயடியும் போய், இப்போது அங்கே தரைத்தளம் முழுக்கக் கார் நிற்கிறது. வீணை மாமி அமெரிக்காவுக்குப் பிள்ளையோடு போய்விட்டதாகக் கேள்வி. ரவிக்கை தைக்க வருகிறோம் என்று வாசலில் உட்கார்ந்து வீட்டுக் கதை பேசுகிற பழக்கமும் இப்போது யாருக்கும் இல்லை. அளவு ரவிக்கையைக் கடையில் கொடுத்தால் தைத்துப் பையில் போட்டுத் தருகிறார்கள்.

காலை எட்டரைக்கு நான் பஸ் ஏறிவிட்டால் மாலை ஏழு மணி வரை அந்த ஒற்றை அறையில் அவள் தனியாக இருந்தாள். ஒரு நாளைக்குப் பத்துப் பேரோடு பேசிக்கொண்டிருந்தவள். அத்தனை மணி நேரமும் என்னம்மா செய்தாய், யாரோடு பேசினாய் என்று அந்த ஒரு மத்தியானத்தைத் தவிர நான் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. வேலை கிடைத்த சந்தோஷத்தில் மற்ற நாளெல்லாம் அது எனக்குத் தோன்றவே இல்லை.